பயிற்சிப் பாவசங்கீர்த்தனம்

கத்தோலிக்கக் குருக்களைப் பயிற்றுவிக்கும் குருமடத்தில் என்னைப் பற்றி எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம்தான். அமைதியானவன், சொன்ன பேச்சைக் கேட்பவன், தியான மனம் உள்ளவன். எங்கள் குணத்தைப் பரிசோதிக்க வெளியூரிலிருந்து வந்த, மனநலம் படித்த கன்னியாஸ்திரிகூட என்னிடம் ஏதேதோ கேள்விகள் கேட்டுவிட்டு, குருத்துவ வாழ்க்கைக்கு ஏற்ற சுபாவம் என்று அதிபரிடம் சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் வளர்ந்தது கைலாசபுரத்தில், தொழிற்சாலைக் குடியிருப்பில். அப்பா நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குவார். வீட்டில் ஒரு தட்டு கீழே விழுந்தால் எங்கள் முதுகில் அடி விழும். அதனால் சத்தமில்லாமல் நடக்கவும், கேட்டால் மட்டும் பேசவும் பழகிக்கொண்டோம். அந்தப் பயத்துக்குத்தான் குருமடத்தில் தியான மனம் என்று பெயர் வைத்தார்கள்.

என் பக்கத்துக் கட்டில்காரன் எனக்கு நேர் எதிர். வையம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கால்பந்து ஆடினாலும் சண்டை, சாம்பாரில் உப்பு குறைந்தாலும் சண்டை. ஒருமுறை பூசையை அவசர அவசரமாக முடித்த பேராசிரியரிடம், சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும், "ஏன் ஃபாதர், பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சா?" என்று கேட்டுவிட்டான். ஆனால் கோயிலில் முழங்காலில் நின்றானென்றால் அவன் கண்ணில் நீர் வழியும். அவன் யாரோடோ நிஜமாகவே பேசிக்கொண்டிருக்கிறான் என்று பார்த்தாலே தெரியும். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

இறையியல் கடைசி ஆண்டுக்குள் எனக்குச் செபம் நின்றுபோயிருந்தது. கேட்பதற்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை என்றே தோன்றிவிட்டது. ஆன்ம குருவிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"பெரிய பெரிய புனிதர்களுக்கே இந்த வறட்சி வந்திருக்கு பிரதர். நல்ல அடையாளம்."

அங்கே எதைச் சொன்னாலும் அது இறை அழைத்தலுக்கு அடையாளம். காய்ச்சல் என்று சொல்லியிருந்தாலும் அதையே சொல்லியிருப்பார். வெளியே வந்துவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்திருந்தால் என் கதையே வேறு. ஊரில் அம்மாவை அதற்குள் 'சாமியோட அம்மா' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். யாராவது ஒருவர் என்னைப் பார்த்து, குருப்பட்டத்துக்குப் போகாதே என்று சொல்லிவிட மாட்டார்களா என்று ஏங்கினேன். அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது.

அந்த ஆண்டில் பாவசங்கீர்த்தனம் கேட்க எங்களுக்குப் பயிற்சி உண்டு. ஒருவன் குருவாக நாற்காலியில் உட்காருவான். இன்னொருவன் மண்டியிட்டு, கற்பனையாகப் பாவங்களைச் சொல்லுவான். வகுப்பே வேடிக்கை பார்க்கும். கொலை, கள்ளக்காதல் என்று பசங்கள் டிவி சீரியல் கணக்காக அளந்துவிடுவார்கள். என் முறை வந்தபோது நாற்காலியில் என் பக்கத்துக் கட்டில்காரன் இருந்தான்.

என்ன பாவம் சொல்வதென்று யோசித்து வைத்திருந்தேன். மண்டியிட்டதும் எல்லாம் மறந்துபோயிற்று.

"சாமி, நான் சீக்கிரம் குருவாகப் போறேன். எனக்குக் கடவுள் மேல நம்பிக்கை இல்ல. யார்கிட்டயும் சொல்ல முடியல" என்றேன். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதுவிட்டேன்.

வகுப்பு கைதட்டியது. இந்த ஊமைக்குள் இப்படி ஒரு நடிகனா என்று அவர்களுக்கு ஆச்சரியம். "கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு இவரை விட்டுட்டோமே" என்றார் பேராசிரியர். அறிவுரை எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருந்ததற்காக அவனைக் கடிந்துகொண்டார். என் தலைமேல் வைத்த கையை எடுக்காமல் அவன் மெல்லச் செபித்துக்கொண்டிருந்தது எனக்கு மட்டும்தான் கேட்டது. அப்பாடா, ஒருவனுக்குப் புரிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

சாயங்காலம் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனபோது அவனைப் பிடித்தேன். ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தில் விளக்கு போட்டிருந்தார்கள்.

"காலையில நான் சொன்னதைப் பத்திப் பேசணும்டா."

"எதை?"

"வகுப்புல சொன்னது."

"நான் எதையும் கேக்கலடா." துணியை மடித்துக்கொண்டே சொன்னான்.

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு யாரிடமும் சொல்லக்கூடாது. பாவத்தைச் சொன்னவனிடம்கூட, தானாகப் பேச்செடுக்கக்கூடாது. அந்த ரகசியத்தை இவன் காத்துக்கொண்டிருக்கிறான்.

"நீ இன்னும் குருவே ஆகலடா. அது வெறும் பயிற்சி."

"நீ நிஜமாத்தானே சொன்ன? அப்புறம் எப்படி அது பயிற்சியாகும்?"

"சரி, சொன்ன நானே பேசுன்னு சொல்றேன். திருச்சபைச் சட்டத்துல இடம் இருக்கு."

"இடம் இருக்கலாம். எனக்கு மனசு வரலடா. விட்டுடு."

அவன் பிடிவாதம் ஊரறிந்தது. உலகத்தில் என்னைப் புரிந்துகொண்ட ஒரே ஆள், புரிந்துகொண்டதாலேயே என்னிடம் பேச மறுத்தான். அவன் கடவுளை நம்பாதவனாக இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவனை அறைய வேண்டும் போல இருந்தது.

குருப்பட்டத்துக்கு முந்தைய படியான திருத்தொண்டர் பட்டத்துக்கு ஆள் தேர்வு செய்யும் கூட்டத்தில், முன்கோபக்காரர், அனுசரித்துப் போகத் தெரியாதவர், அழைத்தல் இல்லை என்று அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என்னை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். பெட்டியோடு அவனைத் திண்டுக்கல் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். அவன் கண்கள் வீங்கியிருந்தன. அவனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நேரத்தில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் கெஞ்சினேன்.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடா. நான் பட்டத்துக்குப் போகட்டுமா, வேணாமா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "உனக்காக ஜெபம் பண்றேன்டா" என்றான். பஸ் கிளம்பிவிட்டது.

என் குருப்பட்டம் எங்கள் ஊர்ப் பங்குக் கோயிலிலேயே நடந்தது. பந்தல், பேண்டு வாத்தியம், பிரியாணி, பட்டுச்சேலையில் அம்மா. எண்ணெய் பூசிய புதுக்குருவின் உள்ளங்கைகளை முத்தமிட்டு ஆசீர்வாதம் வாங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். வரிசை வாசலைத் தாண்டி ரோடு வரைக்கும் போயிற்று. அதில் அவனும் நின்றான். மீசை வைத்திருந்தான், இளைத்திருந்தான். அவன் முறை வந்ததும் முழங்காலிட்டு என் இரண்டு உள்ளங்கைகளிலும் முத்தமிட்டான். கோயிலில் அழுவானே, அதே அழுகை.

நான் குனிந்து, "இப்பவாவது ஏதாவது சொல்லுடா" என்றேன்.

"எனக்காக வேண்டிக்குங்க சாமி" என்றான்.

எனக்கு வேண்டிக்கொள்ளத் தெரியாது என்று தெரிந்த ஒரே மனிதன், முழு நம்பிக்கையோடு என் முன்னால் மண்டியிட்டிருந்தான். அவன் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தேன். போகாதே என்று சொல்ல அதற்கப்புறம் யாரும் மிச்சமில்லை.