அமைச்சரின் பதிலில் ஓடும் பஸ்

எங்கள் ஊர் வரை பஸ் வருவதில்லை என்று பள்ளி விழாவுக்கு வந்த எம்.எல்.ஏ.விடம் நான்தான் சொன்னேன்.

அவர் அதைச் சட்டசபையில் எழுத்துக் கேள்வியாகக் கேட்டுவிட்டார். அமைச்சரின் பதிலும் வந்துவிட்டது.

இன்று மாலை பஸ்ஸில் கண்டக்டர் அதைப் போனில் பார்த்துச் சத்தமாகப் படித்தார். "பேருந்து தினமும் ஊர் வரை இயக்கப்படுகிறது."

அதற்குள் காட்டு வளைவு வந்துவிட்டது. தினமும் எங்களை இறக்கிவிடுவது அங்கேதான்; மீதி வழி காட்டுக்குள் நடைதான். டிக்கெட் மட்டும் ஊர் வரைக்கும் கிழிப்பார்.

புளி மூட்டையோடு இருந்த அக்கா எழுந்திருக்கவே இல்லை.

"அமைச்சரே வருதுன்னு சொல்லிட்டாரே. வூட்டாண்ட வந்ததும் எழுப்புப்பா."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் சிரிக்கவில்லை. மாணவிகள் எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஸ்கூல் விழாவுல எந்தப் பொண்ணு போட்டுக் குடுத்துச்சின்னு நாளைக்குத் தெரிஞ்சிடும். அவங்க அப்பன்கிட்ட பேசிக்கிறேன்."

என் தோழி என்னைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள்.

நடக்கிற அந்தக் காடு கரடி நடமாடும் வழி என்பதால் அப்பா என்னைப் பள்ளிக்கு அரை மனதோடுதான் அனுப்புகிறார். "எதுனா வம்பு வந்துச்சின்னா படிப்பே வேணாம்" என்று முன்பே சொல்லிவிட்டார்.

வழக்கம்போல வளைவில் இறங்கி நடந்து வீட்டுக்கு வந்தால், அம்மாவின் போனில் எம்.எல்.ஏ.வின் உதவியாளர் அனுப்பிய செய்தி: "பதில் தப்புன்னு திரும்பக் கேக்கணும். உன் பேரைப் போடலாமாம்மா?"

நான் இன்னும் பதில் சொல்லவில்லை. செய்தியை மட்டும் அழித்துவிட்டேன். எல்லோரும் தூங்கிவிட்டார்கள், பெயரில்லாத இந்தக் கணக்கில் எழுதுகிறேன்.

அமைச்சர் சொன்ன அந்த பஸ்ஸில் யாராவது ஊர் வரை போயிருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். நாளைக்கு அதிலேயே ஏறிக்கொள்கிறேன். அதிலாவது வேறு கண்டக்டர் இருப்பார்.