பொங்கப்படியும் பங்கும்

அப்பாவின் பதினாறு கழிந்து கண்ணீர்கூடக் காயவில்லை, அதற்குள் அண்ணன் தக்கலையில் என் புகுந்த வீட்டு வாசலில் வந்து நிற்கிறான், கையில் புதுச் சேலையோடு. தீபாவளிக்கே நான் வாய்விட்டுக் கேட்டால்தான் அவன் கையிலிருந்து சேலை வரும். ஆடி மாதத்தில், எழவு விழுந்த வீட்டிலிருந்து, எதற்கு இது? 

"நாளைக்கு இத உடுத்திட்டு ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வா மக்கா. ஒரே ஒரு கையெழுத்து. அம்மையும் வாறா. சும்மா ஒரு சடங்குதான்" என்றான்.

சடங்காம்! எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது என் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியபோதும் கேட்கவில்லை. அந்த ஐம்பத்தாறாம் வருஷம் திடீரென்று என் கையெழுத்துக்கு இப்படி ஒரு மவுசு வந்துவிட்டது.

விஷயம் வயல்தான். சுசீந்திரத்துப் பக்கம் எங்களுக்கு ஒரு வயல் இருந்தது. பாட்டன் விட்டுப்போனது அல்ல, அப்பா சொந்தமாக வாங்கியது. வாங்கும்போது கைப்பணம் போதாமல் அம்மாவின் காதில் கிடந்த பாம்படத்தை விற்றார்கள். நகை போன பிறகு வடித்த காது வெறுமையாகத் தோளில் உரச, நடவுக்கும் அறுப்புக்கும் வரப்பில் நின்று ஆட்களை ஏவியது அவள்தான். அண்ணனுக்கு அதை விற்று மார்த்தாண்டத்தில் கடை வைக்க வேண்டும். வயல் போனால் அம்மா பிடிச்சோற்றுக்கும் மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அது அவளுக்கும் தெரியும். ஆனால் மகன் முன்னால் வாயைத் திறந்து பழகாதவள்.

மறுநாள் போனேன். அவன் கொடுத்த சேலையை உடுத்தவில்லை, பழசைத்தான் உடுத்தியிருந்தேன். அம்மா அவன் எடுத்துக் கொடுத்த வெள்ளைச் சேலையில் ஆபீஸ் வராந்தாவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பத்திரம் எழுதுகிறவர் எழுதி முடித்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"வயலு அப்பாவுக்கது. அத விக்க என் கையெழுத்து என்னத்துக்கு?" என்று அவரிடமே கேட்டேன்.

மனிதருக்கு ஒளிக்கத் தெரியவில்லை. "இந்த வருசம் வாரிசுரிமைக்குப் புதுச் சட்டம் வந்திருக்கும்மா. தகப்பன் சொந்தமாத் தேடின சொத்துல ஆணுக்கும் பொண்ணுக்கும் ஒண்ணுபோலப் பங்கு. நீங்க விட்டுக்குடுத்தாத்தான் அண்ணாச்சிக்கு விக்க முடியும்" என்றார்.

அண்ணன் அவரை முறைத்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஆத்திரமும். எனக்கென்று ஒன்று இருப்பதே, அதைப் பிடுங்க வந்தபோதுதான் தெரிந்தது.

"ஏட்டி, சட்டம் ஆயிரம் சொல்லும்" என்றான் அண்ணன். "வருசா வருசம் தைக்கு ஒனக்குப் பொங்கப்படி கொண்டாறேம்லா? பானை, அரிசி, கரும்பு, மஞ்சக்குலை... அதுதான் பொறந்த பொண்ணுக்கப் பங்கு. கையெழுத்துப் போடலைன்னா இனி பொங்கப்படி கிடையாது, கேட்டியா?"

எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய மிரட்டல் இல்லை. பொங்கப்படி வராத பெண்ணைத் தெருவே ஒரு மாதிரி பார்க்கும். நாதியற்றவள் என்று பேசும். மாமியார் வீட்டில் சொல்லிச் சொல்லிக் காட்டுவார்கள். அதை நினைத்துத்தான் ஊரில் எத்தனையோ பெண்கள் எத்தனையோ விஷயத்துக்கு வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

அதுவும் இதைச் சொல்கிறவன் யார்? இந்தத் தாலூக்காக்களைத் தமிழ் ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம் போய், "எங்கள் உரிமை, எங்கள் உரிமை" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்தவன். நான்தான் அவனுக்குச் சுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். உரிமை என்ற சொல் அவன் வீட்டு நடையைத் தாண்டி உள்ளே வரக் கூடாது போல!

உள்ளே கூப்பிட்டார்கள். ரிஜிஸ்திரார் பத்திரத்தை அசட்டையாக வாசித்தார். ஆபீஸ் சிப்பந்தி அம்மாவின் கட்டை விரலைப் பிடித்து மையில் அழுத்தினான்.

"ரெண்டு பேருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டார் ரிஜிஸ்திரார். பெண்கள் தலையாட்டுவதுதான் வழக்கம். அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் பேனாவை எடுத்துவிட்டார்.

"எனக்குச் சம்மதமில்ல" என்றேன்.

பேனா நின்றது. அண்ணன் என் முழங்கையைப் பிடித்தான். "ஏட்டி, மானத்த வாங்காத!"

"கைய விடு. ஒனக்கப் பொங்கப்படிய நீயே வச்சுப் பொங்கித் தின்னு. எனக்கு எனக்க பங்கு போதும்." என் குரல் வராந்தா வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டுமே!  சொன்னதை நான் திருப்பி எடுக்கவில்லை.

ரிஜிஸ்திரார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அம்மாவைப் பார்த்தார். "அம்மா, உங்களுக்கு?"

அம்மா மை பட்ட விரலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். மகனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம் மெதுவாகக் கேட்டாள்: "இவளுக்கு உண்டுண்ணா, எனக்கும் உண்டா?"

"உண்டு. மகனுக்கு எவ்வளவோ அவ்வளவு உங்களுக்கும் உண்டு. வேண்டாம் என்றால்தான் கைநாட்டு."

அம்மா கையை இறக்கினாள். மகன் எடுத்துக் கொடுத்த அந்த வெள்ளைச் சேலையின் முந்தானையை இழுத்து, கட்டை விரலை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். வெள்ளையெல்லாம் நீலமானது. 

வெளியே வந்ததும் அண்ணன் பல்லைக் கடித்தான். "செரி. தை வரட்டு. இவளுக்கு யாரு பொங்கப்படி கொண்டு போறான்னு பாக்கேன்."

"நான் கொண்டு போறேன், எனக்க வயல்ல வெளஞ்ச நெல்லக் குத்தி" என்றாள் அம்மா. "நீ வண்டி மட்டும் புடிச்சுத் தா."