ஓட்டை போட்ட டிபன் டப்பா

போன வருஷம் மே மாதக் கடைசி. அந்தமானில், போர்ட் பிளேர் ஏர்போர்ட் வாசலில் நடந்தது இது.

திருநெல்வேலியிலிருந்து என் தம்பி லீவுக்கு வந்திருந்தான். ஊர் திரும்பியதும் ரயில்வே வேலையில் சேர வேண்டும். ராப்பகலாகப் படித்து வாங்கிய வேலை. பல்லி, ஓணான் என்றால் அவனுக்குப் பைத்தியம். இக்வானா என்று ஒரு வெளிநாட்டு ஓணானை, அரசாங்கத்தில் முறையாகப் பதிவு செய்து வீட்டில் வளர்க்கிறான்.

போர்ட் பிளேரின் மரைன் ஹில் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு ஒரு பச்சைப் பல்லி வரும். இந்தத் தீவுகளுக்கே உரிய ஜாதி. கிளிப்பச்சை உடம்பில் சிவப்புப் புள்ளிகள். வாழைப்பழம் வைத்தால் நாக்கை நீட்டி நக்கும். தம்பி வந்த நாளிலிருந்து அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். ரசிக்கிறான் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஏர்போர்ட்டில் உள்ளே போகிற வரிசையில், நான் எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்த டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். அக்கா சமையல் மேல் இவ்வளவு பாசமா என்று எனக்கு உச்சி குளிர்ந்தது. பின்னால் நின்ற வங்காளி அம்மா ஒருவர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக இந்தியில் கேட்டார்.

"ஏன் தம்பி, சோறுகூட மூச்சு விடுமா?"

அப்போதுதான் பார்த்தேன். என் நல்ல டப்பாவின் மூடி முழுக்க ஓட்டை!

"எக்கா, சத்தம் போடாத. வெளிநாட்டுப் பிராணிக்கே பதிவு பண்ணிக் குடுத்தாவ. நம்ம நாட்டுப் பல்லிக்கு மாட்டேம்பாவளா? ஊருல போயி லைசென்ஸ் எடுத்துருவேன்" என்று குசுகுசுத்தான்.

"ஏலே, கூறு இருக்கா ஒனக்கு?" என்றேன்.

அந்த அம்மா வனத்துறையில் வேலை பார்க்கிறவராம். மகனைப் பார்க்க அதே விமானத்தில் சென்னை போகிறார். சரி, தொலைந்தோம் என்று நினைத்தேன். அவரோ எங்களை ஓரமாகக் கூட்டிப்போய்ப் பொறுமையாக விளக்கினார். வெளிநாட்டுப் பிராணியைப் பதிவு செய்து வளர்க்கலாம். நம் மண்ணில் திரிகிற இதைப் பிடித்து வளர்க்க யாரும் லைசென்ஸ் தர மாட்டார்கள். உள்ளே மாட்டினால் நேராகக் கேஸ்தான். கேஸ் என்றதும் தம்பி முகம் வெளுத்துவிட்டது. கேஸ் வந்தால் ரயில்வே வேலை ஏது?

"பிடிச்ச இடத்துலயே கொண்டுபோய் விடுங்க. விட்டதை வீடியோ எடுத்து எனக்கு அனுப்பணும்" என்று போன் நம்பர் கொடுத்தார்.

தம்பி விமானம் ஏறினான். நான் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வீடு வந்தேன். மூடியைத் திறந்ததும் பல்லி ஜன்னல் கம்பியில் தாவி ஏறியது. வீடியோவை அனுப்பிவிட்டுத் திரும்பினால், அடுப்பு மேடையில் ஒரு தட்டுக்கடியில் நான் கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதம் அப்படியே இருக்கிறது. பாவி, பல்லிக்கு இடம் விட்டுப் பட்டினியாகப் போயிருக்கிறான்!

சாயங்காலம் அந்த அம்மாவிடமிருந்து பதில் வந்தது. "வீடியோ பார்த்தேன். நல்லது. உங்க தம்பி வெறும் வயிற்றோடு இருந்தான். என் ரொட்டியில் பாதியைக் கொடுத்துச் சாப்பிட வைத்தேன்."

தப்பைத் தடுத்ததோடு நிற்காமல் தப்புச் செய்தவன் பசியையும் பார்த்த அந்த அம்மாவை, ஜன்னலில் பச்சை தெரியும்போதெல்லாம் மனதாரக் கும்பிடுகிறேன்.