கடனைக் கொறைக்க ஒரு மனு

ஜெராக்ஸ் கடை வேலைங்கிறது, அடுத்தவங்க கவலைய நாலு காப்பி எடுத்துக் குடுக்குற வேலை.

கொடைக்கானல் நாயுடுபுரத்துல செல்வியக்கா கடையில அதத்தான் நான் பாக்குறேன். காலேஜ நான் விட்டேனா, காலேஜ் என்னைய விட்டுச்சான்னு எங்க வீட்டுல இன்னும் பட்டிமன்றம் ஓடுது. அதுக்கப்பறம் ஏரியில படகுக்கு டிக்கெட் கிழிச்சேன், ஜீப்புக்குப் பின்னாடி தொங்குனேன், ஹோம்மேட் சாக்லேட் கடையில சரக்கத் தின்னுட்டு மாட்டுனேன். இந்தக் கடையிலதான் கொஞ்சம் நின்னுருக்கேன். காரணம், இங்க தின்றதுக்கு ஒண்ணுமில்ல, இங்க் மட்டும்தான்.

இதப் படிக்கிறவங்கள்ல லோனே இல்லாத மகராசன் யாராச்சும் இருந்தா, தயவுசெஞ்சு பக்கத்தத் திருப்பிக்கங்க. மத்தவங்க, கிட்ட வாங்க, நாம ஒரே சாதி. மாசப் பொறப்புன்னா போனப் பாக்கவே பயப்படுற சாதி. வெளியூர்க்காரங்களுக்கு இ-பாஸ் எடுத்துக் குடுக்குற கடைன்னுதான் போர்டுல போட்டிருக்கு. ஆனா இப்ப பாதிக் கூட்டம் கடன் மனுவுக்குத்தான் வருது. வட்டியத் தள்ளுங்க, தவணை குடுங்க, ஏலத்த நிறுத்துங்க, இப்பிடி. அதுல கிளாவரையில இருந்து வந்த கருப்பையாண்ணன், வீரம்மாக்கா, புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் என்னால மறக்க முடியல. பூண்டு போடுறதுக்கு இருந்த காட்ட அடமானம் வச்சு பேங்க்ல கடன் வாங்கியிருக்காங்க. தோண்டுற நேரத்துல விடாம மழை. பூண்டு மண்ணுக்குள்ளயே அழுகிப்போச்சு. வட்டி மட்டும் அழுகல, அது நல்லாவே வெளஞ்சுச்சு. கடைசியில நோட்டீஸ் வந்துருச்சு. கொடைக்கானல் கோர்ட்டுல மக்கள் நீதிமன்றம் நடக்குது, வந்து பேசித் தீத்துக்கங்க, இல்லன்னா காடு ஏலத்துக்குப் போகும்னு. அந்தக் காட்ட விட்டா அவங்களுக்கு வேற ஒரு சாண் மண்ணு கெடையாது.

டிங் டிங் டிங்

மொத நாளு அவங்க கடைக்குள்ள வர்றப்பவே கருப்பையாண்ணன் சட்டப்பையில இருந்து டிங்கு டிங்குன்னு சத்தம். நிக்கவே இல்ல. பூசைக்கு மணியடிக்கிறாப்ல அடிச்சுக்கிட்டே இருக்கு. விசயம் என்னன்னா, அவங்க ஊர்ல டவர் சரியா எடுக்காது. கீழ பஸ் எறங்கி வர வர, நாளுக்கணக்கா சேந்து கெடந்த மெசேஜெல்லாம் மொத்தமா வந்து விழுது. பேங்க் அனுப்புனது, வக்கீல் அனுப்புனது, வசூலுக்குக் கூப்புட்டவங்க மிஸ்டு கால், எல்லாம்.

"இந்தச் சத்தத்துக்கு பஸ்ஸுல என்னண்ணே சொன்னாங்க?"ன்னு கேட்டேன். "ஒரு பயலும் திரும்பிப் பாக்கல தம்பி, அவங்கவங்க பையிலயும் அதே மணிதான்"னாரு. அப்பறம் போன எடுத்து என் கையில குடுத்துட்டு, ஒரு மாதிரி வெக்கமாச் சிரிச்சாரு.

"என்னைய இம்புட்டுப் பேரு தேடி நான் பாத்ததே இல்ல தம்பி."

பொண்ணு பாக்குற எடமில்ல

மனுவோட வருமானச் சான்றும் சேக்கணும். அதுக்கு வருசத்துக்கு எம்புட்டு வருதுன்னு போடணும். கேட்டேன். கருப்பையாண்ணன் காலர இழுத்துவிட்டுக்கிட்டு ஒரு தொகை சொன்னாரு பாருங்க, அது எனக்கு வந்தா நான் ஏரிக்கரையில பங்களா கட்டியிருப்பேன். வீரம்மாக்கா தலையில அடிச்சுக்கிட்டாங்க. "அது என்னிக்கோ ஒரு தடவ பூண்டுக்கு வெல வந்தப்ப வந்தது. அதுவும் கையில நிக்கல. இப்ப ரெண்டு பேரும் கூலிக்குப் போயித்தான ஒல வைக்கிறோம்?"னாங்க.

"ஏ, சும்மாருத்தா. ஒண்ணுமத்தவன்னு எழுதுனா தம்பி நம்மள என்ன நெனைக்கும்?"

"அண்ணே, இது பொண்ணு பாக்குற எடமில்ல. இங்க எம்புட்டுக்கெம்புட்டுக் கொறையுதோ அம்புட்டுக்கம்புட்டு மரியாதை"ன்னேன். ம்ஹூம். நான் கொறைக்க அவரு கூட்ட, தலைகீழா ஒரு சந்த யாவாரம் நடந்துச்சு. ஆனா பொய்க் கணக்குக் குடுக்க முடியாதுல்ல, உள்ளதச் சொல்லித்தான ஆகணும்? கடைசியில மனுசன் எந்திரிச்சாரு. துண்ட ஒதறித் தோள்ல போட்டாரு.

"அவ சொல்றதையே எழுதிக்கங்க. நான் செத்த வெளிய நிக்கிறேன், என் காதுல விழாம எழுதுங்க."

கடன்காரன் மூஞ்சி

போட்டோ எடுக்க நீலத் துணிக்கு முன்னாடி ஒக்கார வச்சேன். மனுசன் மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு, கண்ணச் சொருகி, எழவு வீட்டுல ஒக்காந்த மாதிரி ஒக்காந்துருக்காரு. "என்னண்ணே ஆச்சு, ஒடம்புக்கு முடியலயா?"ன்னேன். "இல்ல தம்பி, கடனக் கொறைன்னு கேக்குறோம். தெளிவா இருந்தா கொறைப்பாங்களா?"ன்னாரு. சாதாரணமா இருங்கண்ணேன்னா, இன்னும் கொஞ்சம் தொங்கப்போடுறாரு. அஞ்சாறு தடவ எடுத்தும் ஒண்ணு கூட ஆளு மாதிரி வரல. ஆதார் கார்டுல இருக்குறவரு வேற, இங்க இருக்குறவரு வேறன்னு பேங்க்ல திருப்பி அனுப்பிருவாங்களோன்னு எனக்குப் பயம்.

வீரம்மாக்கா அந்தப் பக்கம் பெஞ்சுல பன்னு தின்னுக்கிட்டிருந்தவங்க, வாயத் தொடச்சுட்டுச் சொன்னாங்க:

"அவரு ஒண்ணுமே பண்ணாம இருந்தாலே அப்பிடித்தான் இருக்கும், நீங்க எடுங்க தம்பி."

திருப்பூருக்குப் போன ஓ.டி.பி.

வருமானச் சான்றுக்கு எல்லாம் ஏத்தியாச்சு. ஓ.டி.பி. வரணும். கருப்பையாண்ணன் போனப் பாக்குறோம், பாக்குறோம், வரவே இல்ல. அப்பறந்தான் தெரியுது, ஆதாரோட சேத்திருக்குறது மகன் நம்பர். மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். உள்ள போறப்பவே போன வாங்கி வச்சுருவாங்களாம், டீக்கு விடுறப்பத்தான் கையில குடுப்பாங்களாம். ஓ.டி.பி.யோட ஆயுசு எம்புட்டுன்னு உங்களுக்கே தெரியும், ஈசல் கூட அதவிடக் கூடுதலா இருக்கும். அதனால நாங்க மூணு பேரும் திருப்பூர் டீக்காக கொடைக்கானல்ல காத்துக்கிட்டிருந்தோம். செல்வியக்கா அதுக்குள்ள எங்களுக்கே டீ வாங்கிட்டு வந்துட்டாங்க.

ஒரு வழியா மகன் லைன்ல வந்தான். நான் இங்க அமுக்க, அவன் அங்க வாசிக்க, ரெண்டு தடவ தப்பி மூணாவதுல உள்ள போயிருச்சு. "எதுக்குண்ணே ஓ.டி.பி.?"ன்னு அவன் கேக்குறான். நான் வாயத் தொறக்குறதுக்குள்ள வீரம்மாக்கா என் கையப் புடிச்சுட்டாங்க. ஏலம் வருதுன்னு மகனுக்குச் சொல்லவே இல்லயாம். போன கையால மூடிக்கிட்டு, கிசுகிசுன்னு:

"ரேசன் கார்டுக்குன்னு சொல்லிருங்க தம்பி. தெரிஞ்சா ராத்திரி ஷிப்ட்டும் சேத்துப் பாக்க ஆரம்பிச்சுருவான், அவனுக்கு ஏற்கெனவே இளைப்பு."

நான் அம்புட்டுப் பொய் சொல்லுவேன். அன்னிக்கு மட்டும், ரேசன் கார்டுக்குத்தான்னு சொல்லிட்டு வேகமா போன வச்சுட்டேன்.

ரெண்டு வரி

கம்ப்யூட்டர்ல மனுவ அடிக்கிறப்ப, கடனக் கட்ட முடியாததுக்கு என்ன காரணம்னு ஒரு கட்டம் இருக்கும். ரெண்டு வரிதான் புடிக்கும், அதுக்கு மேல எழுதுனா செவந்துரும். கருப்பையாண்ணன் ஆரம்பிச்சாரு. மழையில ஆரம்பிச்சு, செனை மாடு செத்தது, மக பிரசவம், வீரம்மாக்காவுக்கு வயித்துல ஆப்பரேசன்னு போயிக்கிட்டே இருக்கு. கட்டம் செவந்து, நானும் செவந்துட்டேன்.

"கொறைக்கணும்ணே. மாட்ட எடுத்துரவா?"

"எடுத்துருங்க. அதுதான் செத்தே போச்சே."

"பிரசவம்?"

"அது எல்லா வீட்டுலயும் உள்ள செலவுதான், எடுங்க."

ஆப்பரேசன்னு நான் கேக்கவே இல்ல. வீரம்மாக்காவே, "இப்ப நல்லாத்தான இருக்கேன், அதையும் எடுத்துருங்க"ன்னாங்க. எடுத்தேன். ஒரு குடும்பத்தோட கஷ்டத்த ஒவ்வொண்ணா அழிச்சுக்கிட்டு ஒக்காந்துருக்கேன், கட்டமும் கொஞ்சம் கொஞ்சமா வெள்ளையாகுது. கடைசியில ஒரே ஒரு காரணந்தான் ரெண்டு வரியில மிச்சம். நான் அதுமேல கர்சர வச்சதும் கருப்பையாண்ணன் பதறிட்டாரு.

"மழைய மட்டும் எடுத்துராதீங்க தம்பி, சோம்பேறின்னு நெனச்சுருவாங்க."

வெறுங்கை

கோர்ட்டுக்குக் கூட வரணும்னு கெஞ்சுனாங்க. செல்வியக்கா லீவு குடுத்துட்டு, "ஏலே, போறது சரி. அங்க போயி வாயத் தொறந்த, சம்பளத்துல புடிச்சுருவேன்"னாங்க. சத்தியம் பண்ணிட்டுத்தான் போனேன்.

உள்ள ஒரு ஜட்ஜம்மா, பக்கத்துல பேங்க் மேனேஜரு. எங்க பேரக் கூப்புட்டாங்க. போயி நின்னோம். நின்னதும் ஜட்ஜம்மா மூக்கச் சுளிச்சு, "என்ன இங்க பூண்டு வாசம்?"னாங்க. பாத்தா, கருப்பையாண்ணன் துண்டுக்கடியில இருந்து ஒரு மஞ்சப்பைய எடுத்து மேசையில வைக்கிறாரு. உள்ள மலைப்பூண்டு. ஒவ்வொண்ணும் கொழந்தக் கையி மாதிரி, அப்பிடி ஒரு பூண்டு. எனக்கு உசுரு போயிருச்சு. மேனேஜரு மனுவப் பாக்குறாரு, பூண்டப் பாக்குறாரு. "வெளச்சலே இல்ல, மொத்தமும் அழுகிருச்சுன்னு எழுதியிருக்கீங்க. அப்ப இது எங்க வெளஞ்சுச்சு?"ன்னாரு. கேள்வி நியாயந்தான். எனக்கு நாக்கு மடங்கிப்போச்சு. செல்வியக்காவுக்குப் பண்ணுன சத்தியம் தானா நெறவேறிருச்சு.

வீரம்மாக்காதான் முன்னாடி வந்தாங்க. "இது பக்கத்துக் காட்டுக்காரரோடது சார். ஒரு வாரத்துல தர்றோம்னு கேட்டு வாங்கியாந்தோம்"னாங்க. சுத்தி நின்னவங்கள்ல பாதிப்பேரு சிரிச்சாங்க, மீதிப்பேரு கீழ குனிஞ்சுக்கிட்டாங்க. குனிஞ்சவங்க பையிலயும் ஏதாச்சும் இருந்துருக்கும். மேனேஜருக்கே சிரிப்பு வந்துருச்சு. "ஏம்மா, கடனக் கொறைக்க வர்ற எடத்துக்குமா கடன் வாங்கிட்டு வருவீங்க?"ன்னாரு. வீரம்மாக்கா சிரிக்கல. ஜட்ஜம்மாவப் பாத்துத்தான் சொன்னாங்க:

"ஒருத்தர் வாசலுக்கு வெறுங்கையோட எப்பிடிம்மா வர்றது?"

இன்னைக்கே கட்டணும்

ஜட்ஜம்மா பைய எடுத்து அவங்க கையிலயே குடுத்து, உரியவருகிட்ட சேத்துருங்கன்னுட்டு, மேனேஜரப் பாத்துப் பேசுனாங்க. வட்டிய அம்புட்டும் தள்ளிக்கிறோம், அசலக் கட்டுனாப் போதும்னாரு. எங்களுக்கு மூச்சு வந்துச்சு. அடுத்த வார்த்தையில அது போயிருச்சு. ஒரு பகுதிய இன்னைக்கே கட்டணும், அதான் ரூல்ஸ், இல்லாட்டி ஏலம் ஏலந்தான்னாரு. வீரம்மாக்கா முந்தானையில பஸ் காசு மட்டும்தான் இருந்துச்சு. எனக்குப் பொறுக்கல. "சார், கையில காசிருந்தா இவங்க எதுக்கு உங்களப் பாக்க வர்றாங்க, டீசன்ட்டா சினிமாவுக்குப் போயிருப்பாங்கள்ல?"ன்னுட்டேன். ஜட்ஜம்மா கண்ணாடிக்கு மேல பாத்தாங்க. "நீ யாருப்பா?" "ஜெராக்ஸ் கடைங்க மேடம்." "ஜெராக்ஸ் மிசினு எதுத்துப் பேசாதுல்ல?" நான் பேப்பர் தீந்த மிசினு மாதிரி நின்னுட்டேன்.

ஆனா அதுக்கப்பறம் அவங்களே கருப்பையாண்ணனக் கேட்டாங்க, காட்டுல இப்ப என்ன நிக்குதுன்னு. பீன்ஸ் போட்டிருக்கோம், தை பொறந்தா காசாகும்னாரு. "அப்ப மொதத் தவணைய தையில வாங்கிக்கிறதுக்கு என்ன?"ன்னு அவங்க கேக்க, மேனேஜரு வெளிய போயி மேலிடத்துக்குப் போன் போட்டாரு. அவரு பேசி முடிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்கல. கருப்பையாண்ணன் சன்னலு வழியா வெளிய பாக்குறாரு, வெளிய மூடுபனியத் தவிர ஒரு எழவும் தெரியல. மேனேஜரு வந்தாரு. தையில மொதத் தவணை, மிச்சம் போகத்துக்குப் போகம். ஒரு தவணை தப்புனாலும் எல்லாம் ரத்து, காடு ஏலத்துக்குப் போகும். சம்மதமான்னாரு. நான் ஒரு வரி விடாம வாசிச்சுக் காட்டுனேன். அண்ணன் கையெழுத்துப் போட்டாரு, அக்கா ரேகை வச்சாங்க.

வெளிய வந்ததும், "தைக்குள்ள பனி விழுந்து பீன்ஸ் கருகிருச்சுன்னா?"ன்னு கருப்பையாண்ணன் மறுபடியும் ஆரம்பிச்சாரு. வீரம்மாக்கா ரேகை மைய முந்தானையில தொடச்சுக்கிட்டே, ரொம்ப நாளைக்கப்பறம் வாய்விட்டுச் சிரிச்சாங்க.

"பனி வந்தா வரட்டும். கடன் கெடக்கு, கெடந்துட்டுப் போகுது. குட்டி போடுறத நிறுத்திருச்சுல்ல, இனி ஒத்தையாத்தான இருக்கு, மேச்சுக்கலாம்."

இந்தத் தொழில்ல நான் கண்டது இம்புட்டுத்தாங்க: கடன் குடுக்கணும்னா பேங்க்காரங்களே ஜீப்புப் புடிச்சு மலையேறி வந்துருவாங்க, கொறைக்கணும்னாதான் நாம வெள்ளனே எந்திரிச்சு பஸ்ஸுக்கு நிக்கணும்.