ஈர விரிப்பும் நிச்சயப் புடவையும்

காலை 6.30. விழுப்புரத்திலிருந்து புறப்பட்டோம். விருத்தாசலம் அறுபது கிலோமீட்டர். அங்கிருந்து கருவேப்பிலங்குறிச்சி இன்னும் பதின்மூன்று. அங்கே பத்தரை மணிக்கு என் மனைவி செல்வியின் தம்பி குமாருக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அக்காதான் பெண்ணுக்கு நிச்சயப் புடவையைக் கொடுக்க வேண்டும். அந்த அக்கா, மடியில் புடவைப் பையோடு, என் காரில் இருந்தாள். பஸ்ஸிலேயே போய்விடலாம் என்று அவள் சொன்னதை நான் கேட்கவில்லை.

கார் டில்லிக்காரர் ஒருவரிடம் வாங்கியது. வயது பதினைந்து. ஆறு மாதமாக ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே இருந்தது; ஆனால் கீழே ஒரு சொட்டு விழாது. மூன்று மெக்கானிக்குகள் பார்த்து ரேடியேட்டர், மூடி, பம்பு மூன்றையும் மாற்றியாயிற்று. இன்ஜினைக் குளிர்விக்கும் பச்சைக் கூலன்ட் வாங்க மனசு வராமல் நான் குழாய்த் தண்ணீரையே ஊற்றிவந்தேன். போதாக்குறைக்கு செல்வியின் காலடி விரிப்பு எப்போது பார்த்தாலும் ஈரம். பாட்டிலை ஒழுங்காக மூடத் தெரியாதா என்று கத்துவேன். "நான் ஊத்தலங்க" என்பாள். நம்பினால்தானே!

7.50. உளுந்தூர்பேட்டை. எங்களுக்கு டீ, அப்போதெல்லாம் தலா மூன்று ரூபாய். காருக்கு ஒரு கேன் தண்ணீர்.

8.45. விருத்தாசலம் ஜங்ஷனைத் தாண்டியதும் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது; பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. இரண்டு ஆட்டோக்காரர்கள் தள்ளிக்கொடுக்க, பீங்கான் பட்டறை ஒன்றை ஒட்டியிருந்த சலீம் பாயின் ஷெட்டுக்குள் போய்ச் சேர்ந்தோம். இன்ஜின் ஆறும்வரை அவர் அதைத் தொடவே இல்லை. பிறகு தண்ணீரை நிரப்பிவிட்டு, பட்டறையில் வாங்கிவைத்திருந்த வெள்ளைக் களிமண் தூளை ஒரு துணியில் முடிந்து, குழந்தைக்குப் பவுடர் போடுவது போல இன்ஜின் முழுக்கத் தட்டினார். பாதி தரையில்தான் கொட்டியது.

"எங்க கசியுதோ அங்க தூளு ஊறிக் கறுத்துப்போவும் சார்" என்று சொல்லி இன்ஜினை ஓடவிட்டார்.

கால் மணி நேரம் ஓடியது. எங்கும் கறுக்கவில்லை. நான்காவது மெக்கானிக்கும் போச்சு என்று நினைத்தேன்.

9.45. செல்வியின் செல்போன் அடித்தது. குமார். "அக்கா, எங்க இருக்கீங்க? புடவை வராம தட்டு மாத்தக் கூடாதுன்னு பெரியவங்க சொல்றாங்க."

அதுவரை காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்த செல்வி கதவைத் திறந்தாள். "உங்க வண்டியக் கட்டிக்கிட்டு நீங்களே அழுவுங்க. நான் ஆட்டோவுல போறேன்" என்று கோபத்தில் செருப்புகூடப் போடாமல் இறங்கி நடந்தாள்.

"அக்கா, நில்லுங்க!" என்று சலீம் பாய் கத்தினார்.

தரையில் சிந்தியிருந்த வெள்ளைத் தூளில் அவளுடைய காலடிகள் வரிசையாகக் கறுத்துக் கிடந்தன.

"காலு எப்பிடி ஈரமாச்சு?"

"ஆறு மாசமா எனக்கு இதானே கெட்ட பேரு" என்றாள்.

அவர் டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். கை நனைந்து வெளியே வந்தது. "டில்லி வண்டியா சார்? அங்கத்திக் குளிருக்கு ஹீட்டர் வச்சிருக்குது. இன்ஜின் தண்ணி அதுக்குள்ள போயி வருது. அதுலதான் ஓட்டை. கூலன்ட்டு ஊத்தியிருந்தா விரிப்பு பச்சையா ஆகியிருக்கும், அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். நீங்க வெறும் தண்ணி ஊத்துனீங்க, பழி அக்கா மேல போயிடுச்சு."

வெயிலுக்குப் பேர்போன ஊரில் நின்றுகொண்டு, ஹீட்டரால் கெட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. அதற்குள் ஆட்டோ வந்து நின்றது. செல்வி ஏறவில்லை. "பத்து நிமிஷம் ஆவட்டும், இதப் பாத்துட்டுத்தான் போவேன்" என்றாள்.

ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாய்களையும் கழற்றி, தண்ணீர் ஹீட்டர் பக்கமே போகாதபடி ஒரே ஹோஸால் இணைத்துவிட்டார் சலீம் பாய். கூலி எண்பது ரூபாய். ஆட்டோவை அனுப்பிவிட்டு எங்கள் காரிலேயே கிளம்பினோம்.

10.27. கருவேப்பிலங்குறிச்சி. புடவை கைமாறியது; தட்டும் மாறியது. அக்கா ஏன் காலெல்லாம் வெள்ளையாக வந்தாள் என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் முழுக் கதையும் சொல்லப்பட்டது. பந்தியில் எனக்குப் பரிமாறியவர்கூட, "தண்ணி வேணுமா மாமா?" என்று சிரித்தார்.

மாலை 4.00. திரும்பும் வழியில் விருத்தாசலத்தைக் கடந்தோம். முள் நடுவிலேயே அசையாமல் நின்றது. ஆறு மாதத்தில் முதல்முறையாக விரிப்பு காய்ந்திருந்தது. ஒரு சின்ன ஊருக்கு இவ்வளவு நன்றிக்கடன் பட்டதில்லை என்று நான் சொல்ல வாயெடுத்தேன்.

செல்வி பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். மீதியை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நிதானமாக விரிப்பில் கவிழ்த்தாள்.

"இது நான் ஊத்துனது" என்றாள்.