ஒன்றும் தெரியாதவளாக உட்காரும் வேலை

தெரியாததற்குச் சம்பளம் தரும் வேலை உலகத்தில் உண்டா என்றால், வருஷத்தில் ஒரு மாதம் எனக்கு உண்டு. மைசூரில் ஒரு கல்லூரியில் நான் அட்டெண்டர், பத்தாவதோடு நின்றவள். அங்கே புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குக் கல்லூரி வாழ்க்கையைச் சொல்லித்தரும் வாரம் ஒரு வகுப்பை, ஆனர்ஸ் படிக்கும் மூத்த பிள்ளைகளே எடுக்கிறார்கள். அதற்கு முன்னால் அவர்களைப் பழக்க வேண்டும் அல்லவா? எதிரே உட்கார ஒன்றும் தெரியாத ஆள் வேண்டுமென்று, பயிற்சி நடத்தும் மேடம் என்னைக் கூப்பிட்டார். பெற்ற பிள்ளைகளிடம் செல்போன் கற்றுக்கொண்ட அம்மாக்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

பிடுங்கிக்கொள்கிறவர்கள்

நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வியாதி. கேள்வியையும் அவர்களே கேட்பார்கள், பதிலையும் அவர்களே சொல்வார்கள். ரக்ஷித் என்று ஒரு பையன், தங்கமான பிள்ளை. "லைப்ரரியில ஒரு புத்தகத்தை எப்படித் தேடுவீங்க ஆன்ட்டி?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே தேடி, எடுத்து, திருப்பியும் கொடுத்துவிட்டான். என் மகளும் இப்படித்தான். போனை என் கையிலிருந்து வாங்கி, டக் டக்கென்று தட்டிவிட்டு, "புரிஞ்சுதாம்மா?" என்பாள்.

மேடம் அவனை நிறுத்தி, "கேட்டா, பதில் வர்ற வரைக்கும் வாயை மூடிட்டு நில்லுப்பா" என்றார். அவன் நின்றான். தவித்தான். கடைசியில் பாவமாக என்னைப் பார்த்துச் சொன்னான்: "ஆன்ட்டி, ஸ்வல்ப சீக்கிரம் தப்பாவாவது சொல்லுங்களேன்!"

கண்ணை மூடினால்

அதற்குப் பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மௌனம். எல்லோரும் என்னையே பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்துப் பயமெல்லாம் திரும்பி வந்துவிடும். கண்ணை மூடி மனசுக்குள் பரமண்டல ஜெபம் சொல்ல ஆரம்பிப்பேன். ஆமென் வருவதற்குள் ஏதாவது ஒரு பதில் வந்துவிடும்; கர்த்தர் கைவிட்டதில்லை. ஒரு நாள் பாதி ஜெபத்தில் ரக்ஷித்தின் குரல் கேட்டது: "மேடம், ஆன்ட்டி தூங்கிட்டாங்க. எழுப்பலாமா, இல்ல அதுக்கும் காத்திருக்கணுமா?"

செல்வி

தமிழ்நாட்டு எல்லையோரம், ஹனூர் பக்கத்துப் பெண். மார்க்கில் முதல், எழுந்து நின்றால் குரல் வராது. பயிற்சியில் இரண்டு தடவை பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "முதல் நாளும் இப்படி ஆனா, வகுப்பை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்" என்று மேடம் சொல்லிவிட்டார். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு கஷ்டம் எதற்கம்மா, விட்டுவிடேன் என்றேன். "முதல் வருஷம் நான் பெட்டியைக் கட்டிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டேனுங்க ஆன்ட்டி. சீனியர் அக்கா ஒருத்தங்கதான் வந்து கூட்டியாந்தாங்க. நானும் ஒருத்தியையாவது கூட்டியாரோணுமுங்க."

முதல் நாள்

உண்மையான வகுப்பு. பின்வரிசையில் மேடமும் ரக்ஷித்தும். தண்ணீர் வைக்கப் போன சாக்கில் கதவோரம் நான். செல்வி வணக்கம் சொன்னாள். "நேத்து வீட்டை நினைச்சு அழுதவங்க யாரு?" என்று கன்னடத்தில் கேட்டாள். அவ்வளவுதான், நின்றுவிட்டாள். உதடு அசைகிறது, சத்தம் இல்லை. மேடம் நாற்காலியை விட்டு எழப் பார்த்தார். நான் கண்ணை மூடினேன்.

ஆமென் சொல்லித் திறந்தபோது முன்பெஞ்சில் ஒரு கை உயர்ந்திருந்தது. அப்புறம் ஜன்னலோரம் ஒன்று. ஒரு பையன் எழுந்து, தன் அம்மாவைப் பற்றிப் பேசவே ஆரம்பித்துவிட்டான். அவனுக்குப் பதில் சொல்லப்போய் செல்விக்கும் குரல் திரும்பிவிட்டது. மணி அடித்தும் யாரும் எழவில்லை.

"பார்த்தியா ரக்ஷித், காத்திருக்கிறதுன்னா இதுதான்!" என்று மேடத்துக்கு ஒரே பூரிப்பு. வகுப்பு இனி செல்விக்குத்தான் என்றும் சொல்லிவிட்டார். வராந்தாவில் செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் காத்திருக்கலீங்க ஆன்ட்டி. நெசமாவே பேச்சு வரலீங்க."

இந்த வருஷப் பயிற்சியிலும் மேடம் செல்வியின் அந்த மௌனத்தைத்தான் உதாரணமாகச் சொல்கிறார், நானும் முன்பெஞ்சில் ஆண்டவருக்கு நன்றி சொல்லிக் கண்ணை மூடிக்கொள்கிறேன்.