மறுவீட்டுச் சொதியும் என் மாத்திரையும்

போன ஆவணியில் ஒரு முற்பகல். கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாண வீட்டிலிருந்து வெளியேறி, அம்பாசமுத்திரம் போகிற சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் துணிப்பை. இடுப்பில் கட்டியிருந்த ஈரத்துண்டைக்கூட அவிழ்க்கவில்லை. பஸ்ஸுக்கு நின்றிருக்கலாம். ஆனால் நிறுத்தத்தில் அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் நின்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் நடந்தேன். திருடன் என்று பெயர் வாங்கி அரைமணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். செங்கல் சூளை, லாரியில் கிளீனர், ஓட்டலில் எச்சில் இலை எடுப்பது என்று போகாத வேலை இல்லை. எங்கேயும் நிலைத்து இருந்ததும் இல்லை. கடைசியாக, கல்யாணங்களுக்குச் சமைக்கும் ஒரு அண்ணாச்சியிடம் சேர்ந்தேன். தேங்காய் துருவுவது, பால் பிழிவது, அண்டா தூக்குவது என் வேலை.

எனக்குச் சுகர் இருப்பது அதற்கு முன்பே தெரியும். காலில் ஒரு புண் ஆறவே இல்லை என்று அரசு ஆஸ்பத்திரிக்குப் போனபோது சொன்னார்கள். மாத்திரை கொடுத்த நர்ஸம்மா, மாத்திரை போட்டால் உடனே சாப்பிட வேண்டும், நேரம் தவறக் கூடாது, சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்ட வேண்டும் என்று பொறுமையாகத்தான் சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். என் மண்டையில் ஏறியது ஒன்றுதான். சுகருக்குச் சாப்பாடுதான் எதிரி, அதனால் எவ்வளவுக்குப் பட்டினி கிடக்கிறேனோ அவ்வளவுக்கு நல்லது. காலையில் மாத்திரையும் ஒரு டீயும். அப்புறம் கடைசிப் பந்தி முடிந்து, வெயில் சாயும் நேரத்தில், இலை கொள்ளாத சோறு. இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சியிடம் சுகரைப் பற்றிச் சொல்லவில்லை. முன்பு தென்காசிப் பக்கம் ஒரு ஓட்டலில் சொல்லிப் பார்த்தேன். “அடுப்புப் பக்கத்துல விழுந்து வச்சேன்னா நான்லா பதில் சொல்லணும்” என்று முதலாளி மறுநாளே அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு மாத்திரை அட்டையை வேட்டி மடிப்பில் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் சைவ வீட்டுக் கல்யாணம் என்றால் மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி வைப்பார்கள். பாசிப்பருப்பும் காய்களும் தேங்காய்ப்பாலில் கிடக்கும் குழம்பு. அது கொஞ்சம் திரிந்தாலும் சமையல்காரன் பெயர் ஊரெல்லாம் நாறிவிடும். அண்ணாச்சி அதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். மாப்பிள்ளை இலையில் சொதி விழுகிறவரை சமையல்கட்டில் யார் வாயிலும் எதுவும் படக் கூடாது. உப்பைக்கூட அவர் வாசம் பிடித்துத்தான் சொல்லுவார். விடிகாலையில் தரும் இட்லி மட்டும் உண்டு. கல்லிடைக்குறிச்சியில் அன்றைக்கு மறுவீடு, தேங்காய் மலைபோலக் கிடந்தது. இட்லிக்குக் கூப்பிட்டபோது நான் எழுந்திருக்கவில்லை. ஒரு வேளை போனால் உடம்புக்கு நல்லதுதானே என்ற நினைப்பு வேறு. மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டேன்.

வெயில் ஏறியபோது கை நடுங்க ஆரம்பித்தது. அடுப்பில் வேர்ப்பது எனக்குப் புதிதில்லை. இது வேறு வேர்வை, முதுகில் சில்லென்று வழிந்தது. துருவியில் விரலைக் கொடுத்து ரத்தம் வந்தது, வலி தெரியவில்லை. முன்பும் இப்படி வந்திருக்கிறது. கொஞ்சம் சீனி தின்றால் அடங்கும் என்று தெரியும். சாமான் அறை திறந்துதான் கிடந்தது. சீனி மூட்டையில் கையை விட்டு ஒரு கை அள்ளி வாயில் போட்டேன். இரண்டாவது கையை அள்ளும்போது வாசலில் பெண்ணின் தாய்மாமா நின்றார். சாமான்களுக்கு அவர்தான் பொறுப்பு.

“அண்ணாச்சி, ஒம்ம ஆளு லட்சணத்த வந்து பாரும்வே” என்று கூப்பிட்டார்.

அண்ணாச்சி கரண்டியோடு வந்தார். என் வாயெல்லாம் சீனி. அவர் கோபப்படவில்லை. “எதுக்குலே எடுத்த?” என்று மட்டும் கேட்டார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான், “ஆசையா இருந்துச்சி அண்ணாச்சி” என்றேன். நோயாளி என்று தெரிவதைவிடத் திருடன் என்று தெரிவது அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

மாமா சும்மா விடவில்லை. முந்திரிப் பொட்டலம் ஒன்று குறைகிறது என்றார். “சீனிய வாயில போடுதவன் முந்திரியப் பையில போட மாட்டானாவே?” என்று கேட்டு என் பையைக் கவிழ்த்தார். ஒன்றும் இல்லை. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கூட்டாளி இருப்பான் என்று எல்லோருடைய பையையும் கொண்டுவரச் சொன்னார். காய் நறுக்க வந்த பெண்கள் வரிசையாக நின்றார்கள். அதில் ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்த ஒரு அக்கா. என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். அவள் பையில் ஒரு டப்பா இருந்தது. அத்தனை பேர் முன்னால் அதைத் திறந்தார்கள். உள்ளே கொஞ்சமாய்ச் சோறு, நிறைய அவரைக்காய், அவித்த பாசிப்பயறு.

“விருந்து வீட்டுக்குச் சோத்தக் கட்டிக்கிட்டு வந்திருக்கா. இதக் கொட்டிட்டு நம்ம சாமான அடைச்சிட்டுப் போகவா?” என்றார் மாமா. யாரோ சிரித்தார்கள்.

“எனக்குச் சுகர் உண்டு அண்ணாச்சி. நேரத்துக்குத் திங்கணும். ஒங்க பந்தி முடியுத வரைக்கும் என் ஒடம்பு பொறுக்காது” என்றாள் அவள். மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். ஆனால் டப்பாவை மூடும்போது அவளுக்குக் காது மடல் சிவந்திருந்ததை நான் பார்த்தேன்.

எனக்கும்தான் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. முந்திரி யாரிடமும் இல்லை. அண்ணாச்சி என்னிடம் வந்து, “சண்ட கிண்ட வேண்டாம்லே. சத்தமில்லாம கிளம்பிரு” என்றார்.

ஆற்றுப் பாலம் தாண்டும்போது மறுபடியும் கால் துவண்டது. தின்ற சீனி வெயிலில் நடந்த நடைக்குப் போதவில்லை. பாலத்துக்கு அந்தப்பக்கம் ஒரு மருத மரத்தடியில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் இருந்தேனோ, முன்னால் அந்த அக்கா நின்றாள். காய் வேலை முடிந்து அம்பாசமுத்திரத்தில் பஸ் பிடிக்கப் போகிறவள்.

“ஏலே, ஒன் வேர்வையப் பாத்தா ஆசைக்குச் சீனி தின்னவன் மாதிரித் தெரியலையே. சுகரா?”

தலையை ஆட்டினேன். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த மிட்டாய்களை எடுத்து வாயில் போடச் சொன்னாள். நடுக்கம் அடங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் டப்பாவைத் திறந்து, “பாதிதான் தருவேன். மீதி என் மாத்திரைக்கு” என்று மூடியில் பிரித்து வைத்தாள். அவளும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தின்றுகொண்டே பேசினாள். வீட்டில் சோற்றுக்கென்று ஒரு சின்னக் கிண்ணம் வைத்திருக்கிறாளாம். விசேஷ வீடானாலும் அந்த அளவுதான். காய் அதைப்போல இரண்டு பங்கு, கூடவே பயறோ முட்டையோ. “பட்டினி கெடந்தா சுகர் பயந்து ஓடிரும்னு எவன்டா சொன்னான் ஒனக்கு? மாத்திர போட்டுட்டு வயித்தக் காயப்போட்டா ஆளத்தான் தூக்கும்” என்று திட்டினாள்.

அந்தச் சாப்பாடு வயிற்றில் இறங்கிய பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. “நான் சுகர்னு சொல்லியிருந்தா ஒங்க பையத் தொட்டிருக்க மாட்டாங்க அக்கா. சொல்ல வெக்கமா இருந்துச்சி” என்றேன்.

அவள் என்னிடமிருந்து மூடியை வாங்கி டப்பாவை மூடினாள்.

“இத எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? அங்கன சொல்லியிருக்கணும்” என்றாள். ஆற்றில் இறங்கி டப்பாவைக் கழுவிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

பந்தி அப்போதுதான் தொடங்கியிருக்கும். வந்த வழியே திரும்பி நடந்தால் எல்லோரும் இருக்கும்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். நடக்கத் தெம்பும் வந்துவிட்டது. எழுந்து பாலத்தைப் பார்த்தேன். பிறகு அம்பாசமுத்திரம் பக்கம் நடந்து, திருநெல்வேலி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை பாளையங்கோட்டையில், கோர்ட்டுக்குப் போகிற வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை கேட்டேன். என்ன தெரியும் என்றார் கல்லாவில் இருந்தவர். தேங்காய் துருவுவேன், பால் பிழிவேன் என்று சொல்லிவிட்டு, “எனக்குச் சுகர் இருக்கு அண்ணாச்சி. மாத்திர போட்டதும் சாப்பிடணும். நடுவுலயும் கொஞ்சம் சாப்பிடணும்” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப அடுப்படி வேண்டாம். பின்னால பாத்திரம் கெடக்கு, கழுவுதியா? சம்பளம் கம்மிதான்” என்றார். சரி என்றேன். முதலில் போய் இட்லி தின்றுவிட்டு வா என்று அனுப்பினார். பாத்திரம் கழுவும் ஒரு வேலைக்காக அவ்வளவு சுலபமாக என் வாயிலிருந்து வந்த அந்தச் சொல், முந்தின நாள் ஒரு பெண் கூட்டத்தின் நடுவில் திறந்த டப்பாவோடு நின்றபோது வரவில்லையே என்பதுதான் இன்றைக்கும் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் என்னைக் கூசவைக்கிறது.